மிதக்குற படகுல ஒரு ஓட்டை

மிதந்துக்கிட்டு இருக்குற படகோட அடியில ஓட்டை போடலாம்னு உங்க வீட்டு ஆம்பள காலங்காத்தால வந்து சொன்னா நீங்க என்ன செய்வீங்க? நான் கரண்டிய ஓங்கிட்டேன். ரூருங் ரெண்டடி பின்னால போய் நின்னுக்கிட்டு, "முழுசாக் கேளு கனாங். கேட்டுட்டு அடி"ன்னாரு.

முழுசாக் கேட்டேன். கேட்டதும் இன்னும் பலமா அடிக்கணும் போலதான் இருந்துச்சு. ஆனா கரண்டிய வச்சிட்டேன். எனக்கும் வேற வழி தெரியல.

விஷயம் இதுதான். மறுநாள் எங்க வீட்டுல சோறு. எங்க தீவுல மீன் பருவம் தொடங்குறதுக்கு முந்தின நாள், படகுத் தலைவன் வீட்டுல ஒட்டரிசிச் சோறும் கோழிக் குழம்பும் ஆக்கி வைப்போம். இமாம் வந்து ஓதுவாரு. எந்த ஆளு எந்தத் தலைவன் வீட்டுல கை நனைக்கிறானோ, பருவம் முடியுற வரைக்கும் அவன் அந்தப் படகு ஆளு. வரலைன்னா போயிட்டான்னு அர்த்தம். கூப்பிடவும் கூடாது, கேக்கவும் கூடாது. சோறு ஆறிப் போறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

போன பருவம் எங்களுக்கு மண்ணாப் போச்சு. அந்தக் கோடி வீட்டு நாபா மட்டும் மகாசர் பட்டணத்துக் கடைக்காரங்களக் கூட்டிட்டு வந்து தன் படகுல மீன் காட்டுற மெஷின் மாட்டிக்கிட்டான். கடலுக்கு அடியில எங்க மீன் நிக்குதுன்னு திரையில காட்டுமாம். அவன் படகு பாரம் தாங்காம முக்கிக்கிட்டு வரும். எங்க படகு துள்ளிக் குதிச்சுக்கிட்டு வரும், உள்ள ஒண்ணும் இல்லாம. எங்க ஆளுங்க ஆறு பேரும் நாபா வீட்டுப் பக்கம் காபி குடிக்கப் போக ஆரம்பிச்சாங்க. எங்ககிட்ட ரொம்ப வருஷமா இருக்குற சிக்கியே போனான். அவன் போனா மத்த அஞ்சு பேரும் பின்னாடியே போயிடுவாங்க.

ஆளில்லாத படகு வெறும் மரம். அப்புறம் ரூருங் அவரு அண்ணன் மாதிரி கடல் தாண்டித் தவாவுக்குப் போய் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல குலை வெட்டணும். அந்த அண்ணன் போனதுலேர்ந்து பெருநாளுக்குக்கூட வர்றதில்ல. அண்ணி வீட்டு வாசல்ல ஆம்பளச் செருப்பு ஒண்ணு கிடக்கும், வீட்டுல ஆம்பள இருக்குன்னு கள்ளன் பயப்படட்டும்னு. அந்தச் செருப்பப் பாக்காமத்தான் நான் அந்த வாசலத் தாண்டுவேன்.

இந்த அண்ணன்தான் பாவம், பழைய மெஷின் ஒண்ணு யார்கிட்டயோ வாங்கி அனுப்பியிருந்தாரு. மேல திரை, கீழ வெண்கலத்துல ஒரு காது. காதுன்னு நாங்கதான் பேரு வச்சோம். காளான் மாதிரி இருக்கும், கழுத்து நீளம், கழுத்து பூரா மரை. அது தண்ணிக்குள்ள இருந்து சத்தம் போட்டு, திரும்பி வர்ற சத்தத்தக் கேட்டு மீனக் காட்டும். முதல்ல ரூருங் அத மூங்கில்ல கட்டிப் பக்கவாட்டுல தொங்க விட்டுப் பாத்தாரு. படகு ஓடினதும் ஒரே நுரை, திரை பூரா புள்ளிபுள்ளியா வந்துச்சு, மூங்கிலும் முறிஞ்சுது. காது படகோட வயித்துல இருந்தாத்தான் வேலைக்காகும்.

படகக் கரையேத்திப் போட்டு ஓட்டை போட்டா ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா அன்னைக்கு அரைநிலா. கடல் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. படகு மணல்ல உக்காரணும்னா அடுத்த வாரம்தான். இவரு என்னடான்னா முந்தின நாள் சாயங்காலம் ரோஷத்துல சிக்கி முன்னாடி மார்தட்டிட்டு வந்துட்டாரு. "நாளைக்கு மத்தியானம் வந்து பாருங்கடா. என் படகுலயும் மெஷின் ஓடும்"னு.

"சரி, ஓட்டை போட்டதும் தண்ணி பீச்சியடிக்குமே?"

"அடிக்கட்டும். நீ வெளியில இருந்து, தண்ணிக்கு அடியில இருந்து, காதச் சொருகிடு. நான் உள்ள இருந்து மரையப் போட்டு முறுக்கிடுறேன். ஒரு மூச்சு வேலை."

"யாரோட மூச்சு?"

"உன்னுதுதான். என்னால அவ்வளவு நேரம் அடக்க முடியுமா?"

அதுவும் நியாயம்தான். எங்கப்பா கடலட்டை எடுத்தவரு. நான் நடக்குறதுக்கு முன்னாடியே முங்கினவ. ரூருங் முங்கினா முங்கின வேகத்துல புஸ்ஸுன்னு மேல வந்துடுவாரு. சொல்லப்போனா, கோவம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள்ள குறுகுறுன்னு இருந்துச்சு. நாபாவுக்குக் கடைக்காரன் வந்து மாட்டினான், நாங்க நாங்களே மாட்டுறோம். அந்த நெனப்பே நல்லா இருந்துச்சு.

பள்ளிவாசல் கூரை வேலைக்கு வந்திருந்த தச்சன்கிட்ட பேட்டரியில ஓடுற டிரில்லும், வட்டமா அறுக்குற ரம்பமும், ஒரு மரச்சுத்தியலும் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. எதுக்குன்னு தச்சன் கேட்டானாம். அலமாரின்னு சொல்லிட்டாராம், வாய் கூசாம.

படகு, துறை மரப்பாலத்துலேர்ந்து கூப்பிடு தூரத்துல நங்கூரம் போட்டு நின்னுச்சு. மூணு ஆள் ஆழம் இருக்கும். உள்ள இறங்கி, நடுவயித்துல பலகைய விலக்கி, அடிமரத்துக்குப் பக்கத்துல கரியால வட்டம் போட்டாரு பாருங்க, நான் ஒரு கத்து கத்தினேன்.

"கைய எடுங்க! தொப்புள் பக்கத்துலயா போடுறீங்க?"

எங்க படகுக்கெல்லாம் தொப்புள் உண்டு. அடிமரத்து நடுவுல, கடல்ல இறக்குற அன்னைக்கு படகு கட்டின மேஸ்திரி சின்னதாத் துளை போட்டு ஓதி அடைப்பாரு. அதுக்கு அப்புறம்தான் அது மரம் இல்ல, உசிரு. ரூருங்குக்கும் மூஞ்சி வெளுத்துப் போச்சு. பதட்டத்துல அத மறந்திருக்காரு.

"நல்லவேள சொன்ன"ன்னு வட்டத்த அழிச்சிட்டு, பின்னால ரெண்டு சாண், பக்கவாட்டுல ஒரு சாண் தள்ளி வேற வட்டம் போட்டாரு. "இங்க?"

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. புள்ள தொப்புளுக்கு எவ்வளவு தூரம் விட்டாலும் தகும்."

இன்னும் கொஞ்சம் தள்ளினாரு. ரெண்டு பேருக்கும் நிம்மதி ஆச்சு. அங்கதான் நாங்க ரெண்டு பேரும் சேந்து மடத்தனம் பண்ணினோம். எங்க ஊருப் படகு பலகை மேல பலகைய அடுக்கிக் கட்டுறது. ஒரு பலகையோட விளிம்புக்கும் அடுத்த பலகையோட விளிம்புக்கும் நடுவுல இரும்புமரத்துல செஞ்ச முளைய உள்ளுக்குள்ளயே அடிச்சிருப்பாங்க. வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. தொப்புளுக்கு மரியாதை குடுக்கிறேன்னு தள்ளித் தள்ளி, நேரா ரெண்டு பலகை சேர்ற மூட்டு மேலயே வட்டத்தப் போட்டுட்டோம்.

"ஒரு தட்டு தட்டினா அறுக்கப் போறேன்னு அர்த்தம், பலகைய அழுத்திப் பிடி. ரெண்டு தட்டினா விலகிக் காதச் சொருகு"ன்னாரு. நான் கைலிய இழுத்துக் கட்டி, முங்குற கண்ணாடிய மாட்டி, காத இடுப்புல சொருகிக்கிட்டு இறங்கினேன்.

அந்த நேரம் பாத்து பாலத்துல ஆறு பேரும் வந்து நிக்குறாங்க. மத்தியானம் வரச் சொன்னா முன்னாடியே வந்துட்டானுங்க, வேடிக்கைன்னா விடுவானுங்களா! அவனுங்கள்ல காசிங் கையில பொரிச்ச வாழைப்பழப் பொட்டலம் வேற. அவனுக்கு வயிறும் பெருசு, வாயும் பெருசு.

"அக்கா! படகுக்குப் பேன் பாக்குறியா?"ன்னு கத்தினான்.

"உன் தலைய நீட்டு, மொதல்ல அதுல பாக்குறேன்!"னு சொல்லிட்டு முங்கினேன்.

வட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி அடியில உள்ளங்கைய வச்சேன். ஒரு தட்டு கேட்டுச்சு. டிரில் ஓடுற அதிர்வு கை வழியா ஏறிப் பல்லு வரைக்கும் வந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, தண்ணிக்குள்ள சிரிச்சா மூச்சு போயிடும்னு அடக்கிக்கிட்டேன். அப்ப டொக்குன்னு ஒரு சத்தம். கை அதிர்ந்துச்சு. அதிர்வு நின்னு போச்சு. பலகை மூட்டுல அடைச்சிருந்த மரப்பட்டை நாராப் பிரிஞ்சு உள்ள போறதக் கண்ணால பாத்தேன். என் சட்டைத் துணியே அந்தப் பக்கம் இழுக்க ஆரம்பிச்சுச்சு.

மேல வந்து விளிம்பப் பிடிச்சு எட்டிப் பாத்தா, ரூருங் படகு வயித்துல சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. சுத்திலும் தண்ணி. பாலத்துப் பக்கம் பாத்து சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டுறாரு.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம ஏன் உக்காந்திருக்கீங்க?"

"சும்மா."

"எந்திரிங்க பாப்போம்."

"எந்திரிக்க மாட்டேன்."

ஓட்டை மேல உக்காந்திருக்காரு மனுஷன்! ரம்பம் இரும்புமர முளையில மாட்டித் துள்ளி, மூட்டப் பேத்து, பாதி நிலா மாதிரி ஒரு பொளப்பு விழுந்திருக்கு. பாதி அறுத்ததால காதையும் சொருக முடியாது. ஆளுங்க பாக்குறாங்களேன்னு, உக்காந்த வாக்குலயே அடைச்சிடலாம்னு பாத்திருக்காரு. தண்ணி இடுப்புக்கு ஏறிடுச்சு.

"கூப்பிடுங்க அவங்கள!"

"வாய மூடு கனாங். மானம் போகுது."

"மானம் மிதக்கும்யா! படகு மிதக்காது!"

அவரு கேக்கல. நான் பாலத்தப் பாத்து என் தொண்டையில இருந்ததெல்லாம் கூட்டிக் கத்தினேன். "டேய் சிக்கி! காசிங்கு! படகு முழுகுதுடா! வாங்கடா!"

காசிங் முதல்ல சிரிச்சான். மத்தவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு, ஆனா ஒருத்தனும் அசையல. அந்த நொடியில அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். இது இன்னும் நம்ம படகா, இல்ல நேத்தோட முடிஞ்சு போச்சா? நாபா பாத்தா என்ன நெனப்பான்? ஒவ்வொருத்தனும் சிக்கி மூஞ்சியப் பாக்குறான். சிக்கி எங்க படகோட தண்ணிக்கோட்டப் பாக்குறான். அது முழுகி ரொம்ப நேரமாச்சு.

சிக்கி சட்டையக்கூடக் கழட்டாம குதிச்சான்.

அவன் குதிச்சா அப்புறம் என்ன, அஞ்சு பேரும் தொபுக்கடீர்னு விழுந்தாங்க. காசிங் வாழைப்பழப் பொட்டலத்தோட குதிச்சிட்டான். படகுல ஏறினதும் ஆளாளுக்கு வாளி, பானை, ஐஸ்பெட்டி மூடின்னு கிடைச்சத எடுத்து இறைக்க ஆரம்பிச்சாங்க. சிக்கி ரூருங் முன்னாடி போய் நின்னான். தலைவன 'டாயெங்'னுதான் மரியாதையாக் கூப்பிடுவாங்க எங்க ஆளுங்க.

"எந்திரிங்க டாயெங்."

"சிக்கி, நான் வந்து..."

"கதை அப்புறம் சொல்லலாம். எந்திரிங்க."

ரூருங் எந்திரிச்சாரு. தண்ணி கொப்புளிச்சுக்கிட்டு வந்துச்சு. சிக்கி கைய விட்டுத் தடவிப் பாத்து, "முளையில மாட்டியிருக்கு. உளியால கொத்தி எடுக்கணும். ஆனா இவ்வளவு தண்ணிக்குள்ள ஒண்ணும் தெரியலயே"ன்னான்.

"மூடிய எடு!"ன்னு கத்தினேன் நான்.

"எந்த மூடி?"

"சோத்துப் பானை மூடிடா!"

படகு அடுப்பங்கரையில பெரிய அலுமினிய மூடி ஒண்ணு உண்டு, தட்டையா இருக்கும். அத வாங்கி, ரூருங்கோட பழைய கைலிய நாலா மடிச்சு அதுக்கு மேல வச்சு, முங்கினேன். பொளப்புக்கு நேரா கொண்டு போனதும் கடலே அதப் பிடுங்கி ஒட்டிக்கிச்சு. நான் தோளக் குடுத்து முட்டுக் கொடுத்தேன். உள்ள கால்கள் ஓடுற சத்தம், வாளி மோதுற சத்தம் எல்லாம் காதுல விழுந்துச்சு. தண்ணி குறையுதுன்னு எனக்கே தெரிஞ்சுது, படகு என் தோள் மேல கொஞ்சம் கொஞ்சமா லேசாச்சு. ஐயோ, அப்ப வந்த சந்தோஷத்த எப்படிச் சொல்றது! மூச்சு முட்டுது, நெஞ்சு வலிக்குது, ஆனா எனக்கு ஆடணும் போல இருக்கு.

மூச்சு வாங்க மேல வர்றதும், திரும்ப முங்கி முட்டுக் கொடுக்குறதுமா இருந்தேன். ஒவ்வொரு தடவ தலைய நீட்டும்போதும் உள்ள சண்டை நடந்துக்கிட்டு இருக்கும்.

"அந்தப் பக்கம் கொத்துடா, மாடு!"

"மாடுன்னா நீங்களே கொத்துங்க டாயெங்! அலமாரி செய்யத்தானே வாங்கினீங்க?"

"உனக்கு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது!"

சிக்கி முளைய வெட்டி எடுத்துட்டான். இப்ப மிச்ச வட்டத்த ரம்பத்தால அறுக்கணும். அதுக்கு ரம்பத்தோட பல்லு வெளிய வர்ற இடத்துல நான் இருக்கணும். ரூருங் விளிம்புல குனிஞ்சு என்னப் பாத்தாரு.

"பாக்குறதுக்கு நேரமில்ல. அறுங்க"ன்னுட்டு முங்கினேன்.

டிரில் உறுமிச்சு. தண்ணி பட்ட மெஷின், விட்டு விட்டு உறுமுது. கைலித் துணிய ரம்பம் கிழிக்கிறது தோள்ல தெரிஞ்சுது, அப்புறம் பல்லு அலுமினியத்துல கிறீச்சுன்னு உரசுச்சு. என் தோளுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சோத்துப் பானை மூடி! அல்லாவேன்னு கண்ண மூடிக்கிட்டேன். ரெண்டு தட்டு கேட்டுச்சு. மூடிய ஒரு பக்கமா இழுத்துத் தள்ளினேன். தண்ணி உள்ள பாயுற வேகத்துல நானே அந்த ஓட்டைக்குள்ள போயிடுவேன்னு நெனச்சேன். இடுப்புலேர்ந்து காத உருவி, கழுத்து மேல இருக்குற மாதிரி பிடிச்சு, சொருகினேன். ஒரு தடவ தட்டிப் போச்சு. ரெண்டாந்தடவ உள்ள போச்சு. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு கை அதப் பிடிச்சு இழுத்துச்சு. யார் கைன்னு எனக்குத் தெரியாதா?

மரை இறுகுற வரைக்கும் அடியில தலையால முட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் மேல வந்து, மூச்ச இழுத்து விட்டு, மரப்பட்டை நாரும் தச்சனோட மரச்சுத்தியலும் வாங்கிட்டு மறுபடி முங்கி, பிஞ்சு போன மூட்ட வெளியிலேர்ந்து அடைச்சேன். கடைசி அடி அடிக்கும்போது கை மரத்துப் போய் சுத்தியல் நழுவிடுச்சு. மரச்சுத்தியல் மிதக்கும்னு பாத்தா, சனியன், அதுவும் இரும்புமரத்துல செஞ்சது, குண்டு மாதிரி அடிக்குப் போச்சு. பள்ளிவாசல் வேலைக்கு வந்த சுத்தியல், அத விட்டுட்டு வந்து தச்சன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? மேல போய் ஒரு முழு மூச்சு எடுத்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம நேரா மணலுக்கு இறங்கினேன்.

இதுக்கு அப்புறம் நடந்தத நான் பாக்கல. காசிங் சொன்னது. காசிங் சொல்றதுல பாதியக் கழிச்சுடணும்தான், ஆனா ஆறு பேரும் இத ஒரே மாதிரி சொன்னாங்க.

உள்ள ரூருங் பேட்டரியில கம்பிய மாட்டியிருக்காரு. திரை முதல்ல கறுப்பாவே இருந்துச்சாம். அப்புறம் நீலமா வெளிச்சம் வந்து, கீழ தடிப்பா ஒரு கோடு விழுந்துச்சாம். கடல் தரை. எல்லாரும் ஓன்னு கத்தினாங்களாம். கத்தி முடிக்கல, அந்தக் கோட்டுக்கு மேல சிவப்பா, கனமா ஒண்ணு நின்னுச்சாம்.

"மீன்! எவ்வளவு பெருசு பாரு! கொடுவாடா, ஆளு உசரம் இருக்கும்!"னு காசிங் குதிச்சானாம். அந்தச் சிவப்பு தரைய விட்டுக் கிளம்பி மேல வர ஆரம்பிச்சுச்சாம். ஒருத்தன் ஓடிப் போய் ஈட்டிய எடுத்துட்டு விளிம்புல ஓங்கிக்கிட்டு நின்னுட்டான்.

ரூருங் அவன் மேல பாஞ்சு ஈட்டியப் பிடுங்கிக் கடாசினாராம். "டேய்! தொடாதீங்கடா! அது என் பொண்டாட்டிடா!"

பாலத்துக்கே கேட்டுச்சாம் அந்தச் சத்தம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நாலு பேருக்கு முன்னாடி என்ன 'இந்தா'ன்னுகூடக் கூப்பிடாத மனுஷன். அதோட விடல. திரைக்கு முன்னாடி மண்டி போட்டு உக்காந்து, அந்தச் சிவப்பு மேல விரல வச்சுக்கிட்டு, "மேல வா. மேல வாம்மா. இன்னும் கொஞ்சம்தான்"னு அதுகிட்டயே பேசினாராம். சிக்கியிலேர்ந்து எல்லாரும் திரைய விட்டுட்டு அவரையே பாத்துக்கிட்டு நின்னாங்களாம்.

நான் சுத்தியலோட தலைய நீட்டினா, ஏழு மூஞ்சி வரிசையா எட்டிப் பாக்குது. ஒருத்தன் மூஞ்சியிலயும் சிரிப்பு இல்ல.

"என்னடா, ஒழுகுதா?"

"லேசா வேர்க்குது. அவ்வளவுதான்"ன்னான் சிக்கி.

"மெஷின்?"

"ஓடுதுக்கா."

"அப்புறம் ஏன்டா எழவு வீட்டுல நிக்குற மாதிரி நிக்குறீங்க?"

சிக்கி குனிஞ்சு சுத்தியல வாங்கி வச்சான். தலையச் சொறிஞ்சான். "அக்கா, நாளைக்குக் கோழி ஒண்ணோட நிறுத்திடாத. ஆறு பேரும் வரோம். காசிங்குக்குத் தனியா ஒண்ணு அடிச்சுடு."

"நாபா வீட்டுல?"

"அவன் மெஷின் மீன மட்டும்தான் காட்டுதுக்கா. நமக்குச் சரிப்பட்டு வராது."

எனக்கு அழுகை வந்துடுச்சு. விளிம்பப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு, மூக்க உறிஞ்சிக்கிட்டு, நல்லா அழுதேன். மூஞ்சி பூரா கடல் தண்ணி, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன். ரூருங் வந்து ரெண்டு கையையும் நீட்டினாரு. பிடிச்ச பிடிய விடல.

"உள்ள வா கனாங்"ன்னாரு. "குளிரும்."

உச்சி வெயில் மண்டையப் பொளக்குது, கடல் தண்ணி வெந்நியாட்டம் இருக்கு. குளிருமாம்!